கடலை எண்ணெயா, சூரியகாந்தியா? எண்ணெய்த் தூக்கின் விளிம்பில் கிடைத்த பதில்

போன பங்குனியில் என் ரத்தப் பரிசோதனைத் தாளில் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 238 என்று வந்தது. 150க்குள் இருக்க வேண்டியது. வீட்டில் முதல் பழி எண்ணெய் மேல் விழுந்தது. அம்மா இருந்தவரை செக்குக் கடலை எண்ணெய். பிறகு பல ஆண்டுகளாகப் பாக்கெட் சூரியகாந்தி. இரண்டையும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கடலை எண்ணெய்க்கே திரும்பிவிட்டேன்.

எல்லோரும் அறிந்ததை முதலில் தள்ளிவிடுகிறேன். எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். செக்கு எண்ணெய் விலை கூடுதல். பாக்கெட்டில் பெரிதாக அச்சடித்திருக்கும் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்ற வரி, தண்ணீர்ப் பாட்டிலில் ‘எலும்பு இல்லாதது’ என்று எழுதுவதற்குச் சமம். கொலஸ்ட்ரால் விலங்குகளின் சரக்கு. தாவர எண்ணெய் எதிலுமே அது சொல்லத்தக்க அளவில் இருப்பதில்லை. நம் கல்லீரலே அதைத் தயாரிக்கிறது. செல் சவ்வுக்கும், பித்த அமிலங்களுக்கும், பாலியல் ஹார்மோன்களுக்கும் அது வேண்டும்.

பரிசோதனைத் தாளில் வந்த டிரைகிளிசரைடும் தூக்கில் இருக்கும் எண்ணெயும் ஒரே வகைப் பொருள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிளிசரால் என்ற சிறு மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமில வால்கள் தொங்குகின்றன, அவ்வளவுதான். எண்ணெய்க்கு எண்ணெய் மாறுவது வால்கள்தாம். வாலின் கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு இல்லாவிட்டால் அது நேராக நிற்கும், நெருக்கமாக அடுக்கும், உறையும். மார்கழியில் கட்டியாகும் தேங்காய் எண்ணெய் அப்படிப்பட்டது. இரட்டைப் பிணைப்பு இருந்தால் வால் அங்கே வளையும். அடுக்க முடியாமல் திரவமாகவே இருக்கும். கடலை எண்ணெயில் ஏறக்குறைய பாதி ஒலியிக் அமிலம்: 18 கார்பன், ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு. வழக்கமான சூரியகாந்தியில் 60 சதவீதத்துக்கு மேல் லினோலியிக் அமிலம்: அதே 18 கார்பன், ஆனால் இரண்டு இரட்டைப் பிணைப்புகள்.

அந்த இரண்டாவது பிணைப்பில்தான் என் வழக்கு முழுவதும் நிற்கிறது. இரண்டு பிணைப்புகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட கார்பனில் ஹைட்ரஜன் தளர்வாக இருக்கும். சூடும் வெளிச்சமும் சேர்ந்தால் அது கழன்றுவிடும். அந்த இடத்தில் ஆக்சிஜன் ஏறிக்கொள்ளும். பிறகு அது பக்கத்து வாலிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும், அது அடுத்ததிலிருந்து பறிக்கும். இப்படி உடையும் துண்டுகளின் மணம்தான் நாம் சொல்லும் சிக்கு வாடை. ஒரே பிணைப்புள்ள ஒலியிக் அமிலம் இதற்குப் பல மடங்கு மெதுவாகத்தான் இடம் கொடுக்கும். ரீஃபைண்டு செய்வதால் இந்தப் பிணைப்புக் கணக்கு மாறுவதில்லை.

சித்திரையில் இரண்டு எவர்சில்வர் தூக்குகளை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரே நாளில் வாங்கிய ஒவ்வொரு லிட்டர். மதுரைச் சித்திரை எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. மாடிக்குக் கீழே உள்ள அடுப்படியில் மதியம் சுவரே சுடும். மூன்றாவது வாரம் சூரியகாந்தித் தூக்கைத் திறந்தால் பழைய பெயிண்ட் டப்பாவின் வாடை. மூடி உட்காரும் விளிம்பில் மஞ்சளாக ஒரு பிசின். நகம் வைத்துச் சுரண்டியும் வரவில்லை. பெயிண்ட் நினைவு வந்ததில் தப்பே இல்லை. பெயிண்டில் ஆளிவிதை எண்ணெய் காய்ந்து படலமாவதும் இதே வேதியியல்தான். கடலை எண்ணெய்த் தூக்கின் விளிம்பில் வெறும் எண்ணெய்தான் இருந்தது, துணியால் துடைத்ததும் போனது.

சூரியகாந்திக்காகவும் பேச வேண்டும். அதில் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது இரட்டைப் பிணைப்பே இல்லாத வால்கள், 11 சதவீதத்தை ஒட்டியே இருக்கும்; கடலை எண்ணெயில் 18 வரை போகும். கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லை ஏற்றுவது அந்த நிறைவுற்ற வகைதான். வைட்டமின் ஈயும் சூரியகாந்தியில் அதிகம். லினோலியிக் அமிலத்தை உடம்பால் தானே தயாரிக்க முடியாது, உணவில் வந்தாக வேண்டும். செல் சவ்வின் வளைந்த வால்களில் அதுவும் ஒன்று. வலி, வீக்கம் பற்றிச் சேதி சொல்லும் புராஸ்டாகிளாண்டின்களும் அதன் வழிவந்தவை. ஆனால் கடலை எண்ணெயிலேயே அது 30 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. எனக்கு அது போதும். உணவில் வந்தாக வேண்டிய இன்னொரு கொழுப்பு வகையான ஒமேகா-3 இரண்டிலுமே கிட்டத்தட்டக் கிடையாது. அதற்கு மத்தி மீன்தான்.

கெடாமல் இருப்பதுதான் எல்லாம் என்றால் தேங்காய் எண்ணெய் ஜெயித்திருக்கும். 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பை இந்தத் தாளை வைத்துக்கொண்டு ஊற்ற மனம் வரவில்லை. நல்லெண்ணெய் லினோலியிக் கூடுதலாக இருந்தும், அதிலுள்ள சீசமால் போன்ற பொருள்களால் நன்றாகவே தாங்கும். இட்லிப் பொடிக்கு அதை விடுவேனா? தவிட்டெண்ணெயில் நான் சமைத்ததில்லை, அதனால் அதைத் தொடவில்லை.

செக்கு எண்ணெயின் தொல்லைகளும் உண்டு. மண்டி அடியில் இறங்கும்வரை காத்திருந்து தெளிவை இறுத்து எடுக்க வேண்டும். வடை சுடும்போது பாக்கெட் எண்ணெயைவிட முன்னதாகவே புகையும். பூஞ்சை பிடித்த பருப்பை ஆட்டினால் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு எண்ணெயோடு வரும். சுத்திகரிப்பில் போய்விடும் நச்சு, செக்கில் போவதில்லை. ஒரு முறை ஒரு கடையில் வாங்கியது வாயில் வைத்ததும் கசந்தது, அப்படியே கொட்டினேன். இப்போது ஆட்டும் இடத்தில் பருப்பை அள்ளிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன், அதுவும் ஒரே லிட்டர்.

ஆறு மாதத்தில் டிரைகிளிசரைடு 171 ஆனது. எண்ணெய்க்கு இந்தப் பெருமையைக் கொடுக்க மாட்டேன். மிஞ்சிய சர்க்கரையைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றும்; நான் இதே ஆறு மாதத்தில் இரவுச் சோற்றையும் வாரம் மூன்று ஜிகர்தண்டாவையும் விட்டிருந்தேன்.

இது இரண்டு பேர் உள்ள வீட்டின் கணக்கு. எங்களுக்கு ஒரு லிட்டர் மூன்று வாரம் வரும். திருமங்கலத்தில் தங்கை வீட்டில் எட்டுப் பேர். ஒரு லிட்டர் ஐந்து நாளில் காலி. அங்கே சிக்கு வாடை வர நேரமே இல்லை. அவள் சூரியகாந்தியை மாற்றவில்லை, நானும் மாற்றச் சொல்லவில்லை.