சோலார் மாவு மில்: பில் யார் பேரில் இருக்கிறது?

திருநெல்வேலி மாவட்டம் திசையன்விளை, ராதாபுரம் பக்கம் மகளிர் குழுக்களுக்கு அறக்கட்டளைப் பணத்தில் கிடைக்கும் சோலார் மாவு மில் செட்டைப் பற்றியது இந்த மதிப்புரை. 5 எச்.பி. மில், 540 வாட் பேனல் 14, சோலார் டிரைவ் (பேனலின் டிசி கரண்டை மோட்டாருக்கு ஏற்ற ஏசியாக மாற்றும் பெட்டி), இரும்புத் தாங்கி எல்லாம் சேர்ந்து வரும். பணத்துக்கு வட்டி கிடையாது. குழு கட்டும் தவணை ஊர்ப் பொதுக் கணக்கில் நின்று, அடுத்த குழுவுக்குப் போகும். இந்த ஏற்பாட்டுக்கு முழு மார்க் கொடுக்கலாம்.

இயந்திரத்துக்கு அப்படிக் கொடுக்க முடியாது. பேனல் எண்ணிக்கையிலேயே கோளாறு இருக்கிறது. 14 பேனலைத் தொடராக இணைத்தால் கணக்குப்படி 580 வோல்ட் வரும். ஆனால் சித்திரை வெயிலில் பேனல் 65 டிகிரிக்குச் சூடேறும்போது அது 510 வோல்ட் பக்கம் இறங்கிவிடும். 415 வோல்ட் மூணு பேஸ் மோட்டார் முழு வேகத்தில் ஓட டிரைவுக்குள் 590 வோல்ட்டாவது வேண்டும். உச்சி வெயிலில் மில் திணறுவது இதனால்தான். வெயில் இவ்வளவு அடிக்கிறதே, ஏன் இழுக்கவில்லை என்று எல்லாரும் மோட்டாரைக் கழற்றிப் பார்ப்பார்கள். மோட்டாரில் ஒன்றும் இருக்காது. 15 பேனலாகக் கேட்டு வாங்குங்கள்; அந்தச் சூட்டில் அதுவும் 546 வோல்ட் பக்கம்தான் நிற்கும் என்றாலும் திணறல் குறையும். சுமை இல்லாதபோது 742 வோல்ட் வரை ஏறும் என்பதால், டிரைவ் தாங்கும் உச்ச அளவு 800 வோல்ட்டாவது இருக்கிறதா என்று அதன் தகட்டைப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புட்டு மாவுக்கு ஊறவைத்த அரிசியை ஈரம் போக உலர்த்தாமல் கொட்டினால் சல்லடை அடைத்து, மேகம் ஒன்று கடந்தாலே டிரைவ் டிரிப் ஆகும். மிளகாய், மல்லிக்கு இந்தத் தொல்லை இல்லை.

நேரமும் பொருந்தவில்லை. மில் நன்றாக இழுப்பது காலை 10 மணியிலிருந்து 3 மணி வரை. பீடி சுற்றும் பெண்கள் அரைக்க வருவதோ சாயங்காலம். அதனால் கரண்ட் இணைப்பும், சோலாரிலிருந்து கரண்டுக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சும் கட்டாயம் வேண்டும். அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் என்றால் ஆனி, ஆடிச் சாரலில் பகலிலும் கரண்டைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

பேனலிலிருந்து டிரைவுக்கு வரும் டிசி லைனில் சாதாரண வீட்டு எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டியிருந்தால், உடனே டிசி எம்.சி.பி.யாக மாற்றச் சொல்லுங்கள். அணைக்கும்போது உள்ளே எழும் பொறி டிசியில் தானாக அணையாது, பெட்டியே கருகும். உவரி மாதிரிக் கடலோரத்தில் பெயின்ட் அடித்த தாங்கி துருப்பிடிக்கும், நாக (ஜிங்க்) முலாம் பூசியதுதான் நிற்கும். ஆடிக்காத்தில் தேரி மண் பறந்து பேனலில் செம்படலமாக ஒட்டும். அதை விடியற்காலையில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர்வெல்லின் உப்புத் தண்ணீர் வெள்ளைக் கறை விட்டுப் போகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை, பில்லும் வாரண்டி அட்டையும் அறக்கட்டளை பேரில் இருப்பது. டிரைவ் பழுதானால் சர்வீஸ்காரர் பில்லில் இருக்கும் பேரைத்தான் கேட்பார். குழுத் தலைவி கையில் வெறும் ஜெராக்ஸ் இருக்கும். ஆகவே பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வெளிநாட்டு நன்கொடை என்றால், 2020-ல் திருத்திய சட்டப்படி அதை வேறொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (லாபத்தில் சமூகப் பணிக்கு ஒதுக்கும்) பணம் என்றால் 2021 விதிகளே வழிவிடுகின்றன: பயனடையும் சுயஉதவிக் குழுவின் பேரிலேயே சொத்து இருக்கலாம். இந்த விதியை எடுத்துச் சொன்னால், பில்லைக் குழு பேரில் போட விதி இடம் தராது என்று மறுக்க முடியாது. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் 350 கிலோவாட் காற்றாலையை வங்கிக் கடன் வாங்கித் தன் பேரிலேயே வாங்கியது. கடன் சுமை இருந்தாலும் காற்றாலை ஊருக்கே சொந்தமாக இருந்தது.

பராமரிப்புக்கென்று தனிப் பணம் இந்தத் திட்டத்தில் கிடையாது, பெரிய குறை. அரவைக் கூலியில் கிலோவுக்கு ஒரு ரூபாயை முதல் நாளிலிருந்தே தனிக் கணக்கில் போடுங்கள். முதலில் போவது பேனல் அல்ல, டிரைவ்தான். அதன் விலையில் பாதியாவது சேரும்வரை அந்தக் கணக்கைத் தொடாதீர்கள்.

வட்டியில்லாப் பணம், 15 பேனல், டிசி எம்.சி.பி., கரண்ட் இணைப்பு, குழு பேரில் பில் எல்லாம் எழுத்தில் வந்தால் தாராளமாக வாங்கலாம். பில் மட்டும் வரவில்லை என்றால், வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம்.