கெல்டிக் மொழில 'மதம்': சிரத்தையா, விஸ்ரம்பமா, ஊர் பேர் தெரியாத சொல்லா?

வேல்ஸ், ஐரிஷ் ரெண்டும் கெல்டிக்ங்கற மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேல்ஸ் மொழில மதத்துக்கு கிரெவித்னு பேரு, பழைய ஐரிஷ்ல கிராவுத், அதுக்கு பக்தின்னு அர்த்தம். 'பக்தியோட அரிச்சுவடி'ன்னு ஒரு பழைய ஐரிஷ் நூலே இருக்கு, தலைப்புல வர்றது இந்தச் சொல்தான். ரெண்டும் அக்கா தங்கச்சின்னு எல்லாரும் ஒத்துக்கறாங்க, அம்மா யாருங்கறதுலதான் பஞ்சாயத்து.

கேட்டதும் தோணுறது லத்தீன் கிரேடோ, அதாவது 'நம்புறேன்'. நாம சொல்ற 'சிரத்தை'யும் சமஸ்கிருதம் வழியா அதே குடும்பம்தான், இது சும்மா அடிச்சு விடறது இல்ல, உறுதியான விஷயம். ஆனா கிரெவித் அந்த வீட்டுப் பொண்ணு இல்ல. வேல்ஸ்ல நம்புறதுக்கு கிரெடி, ஐரிஷ்ல நம்பிக்கைக்கு கிரெடிவ், ரெண்டுலயும் 'ட' கெட்டியா நிக்குது. கிரெவித்ல இருக்கறது 'வ', அது 'பாம்பு'ல கடைசியா வர்ற ப மாதிரி ஒலிலேர்ந்து வந்தது. அவுட்.

அடுத்து சமஸ்கிருத விஸ்ரம்பம், இதுக்கும் நம்பிக்கைன்னுதான் அர்த்தம். முன்னாடி இருக்கற 'வி'யைக் கழட்டிப் பாருங்க, அங்க ஸ் இருந்தா இங்க க் வரும், சிரத்தை கிரேடோ மாதிரியே, சூப்பரா பொருந்துது. ஆனா நடுவுல இருக்கற 'ம்' கெல்டிக்ல எங்க போச்சு? உயிரெழுத்தும் உதைக்குது, இந்த மாதிரி வேர்ச்சொல்லுல உயிரெழுத்து விழுந்து சுருங்கினா கெல்டிக்ல 'ரி' வரணும், பிரிகிட்ங்கற ஐரிஷ் தேவதை பேர் அப்படி வந்ததுதான், இங்க 'ர'ன்னு நிக்குது.

அதவிட பெரிய தலைவலி வீட்டுக்குள்ளயே இருக்கு. ஐரிஷ்ல நெடில் ஆ. அண்ணன் தம்பிக்கு ஐரிஷ்ல பிராத்திர்னா வேல்ஸ்ல பன்மை ப்ரொடிர், அந்தக் கணக்குல கிரொவித்னு வந்திருக்கணும். வந்தது கிரெவித், குறில் அ-லேர்ந்து வர்ற எ (நாட்டுக்கு க்வ்லாட், நாடுகளுக்கு க்வ்லெடித்ங்கற மாதிரி). விகுதியும் ரெண்டுலயும் வேற வேற. அக்கா தங்கச்சிக்குள்ளயே ஜாடை ஒத்துப் போகாதப்போ சமஸ்கிருதம் வரைக்கும் ஓடுறது எனக்கு ஓவரா தெரியுது.

அதனால என் ஓட்டு மூணாவதுக்கு, கெல்டிக் காரங்க வேற ஏதோ அழிஞ்சு போன மொழிலேர்ந்து வாங்கின சொல்லுன்னு. நிரூபிக்க முடியாதுதான், ஆனா உயிரெழுத்து இப்படி ஆட்டம் காட்டறதுக்கு அது ஒத்துப் போகுது. இன்னொண்ணு, பழைய வேல்ஸ்ல கிரெவித்னா துறவிங்க வாழ்ற வாழ்க்கைக்கும் சொல்லுவாங்க, அதனால மூலச்சொல்லுக்கு நேரா 'மதம்'னு அர்த்தம் எழுதறதே கொஞ்சம் அவசரம்தான்.