கண்ணாடி சிரிஞ்ச் முதல் பென் வரை: நாற்பது வருட இன்சுலின் அனுபவம்

1985-இல், பதினோரு வயதில், எனக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அன்றிலிருந்து ஊசி போடாத நாள் இல்லை.

முதல் பத்து வருடம் கண்ணாடி சிரிஞ்ச்தான். விடிந்ததும் எங்கள் வீட்டு அடுப்பில் பாலுக்கு முன்னால் அதுதான் ஏறும். கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். கொதிக்கக் கொதிக்க வெள்ளையாகப் படிந்து, உள்தண்டு நகராமல் இறுகிக்கொள்ளும். குழலும் தண்டும் இழைத்துப் பொருத்திய ஜோடி. ஒன்று கைதவறி உடைந்தால் மற்றதும் வீண். ஒரே ஊசியைப் பல நாள் போடுவோம். முனை மழுங்கிவிட்டதா என்று அம்மா பஞ்சில் இழுத்துப் பார்ப்பார். நார் சிக்கினால் அன்றைக்கு எனக்கு வலி நிச்சயம். குழல், தண்டு, துளையுள்ள ஊசி என்று 1853-இல் ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் வுட் என்ற மருத்துவர் கையாண்ட அதே மூன்று பாகங்கள்தான் என் வீட்டிலும் கொதித்தன.

அப்புறம் பிளாஸ்டிக். கொதிக்க வைக்கும் வேலை போனது. ஊசி குழலோடு ஒட்டியே வருவதால் அடியில் மருந்து தங்குவதும் நின்றது.

ஆனால் வலியைவிடப் பெரிய விஷயம் குழலின் மேல் உள்ள கோடுகள் என்பதை அப்போதுதான் கற்றேன். நம் ஊரில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட்; அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. வெளியூரில் ஒரு மருந்துக்கடையில் ஆரஞ்சு மூடியைக் கொடுத்துவிட்டார்கள், நானும் கவனிக்கவில்லை. என் 40 யூனிட் மருந்தை அதில் 20 கோடு வரை இழுத்துப் போட்டேன்; உள்ளே போனது 8 யூனிட்தான். இரண்டு நாள் தீராத தாகம், பார்வை மங்கல். சோதித்தால் சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது.

எட்டு வருடமாகப் பென், அதாவது பேனா வடிவில் இருக்கும் இன்சுலின் ஊசிக் கருவி. டென்மார்க்கில் முதல் இன்சுலின் பென் விற்பனைக்கு வந்ததும் 1985-இல்தான். என் கைக்கு வர முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. 4 மில்லிமீட்டர் ஊசி, போட்டது தெரிவதே இல்லை. அளவைத் திருகி எண்ணைப் பார்த்து அழுத்தினால் போதும். அழுத்தியதும் எடுத்துவிடாமல் பத்து எண்ணுங்கள், இல்லையென்றால் மருந்து சொட்டி வீணாகும்.

பென் பழுதானால் உதவட்டும் என்று குப்பியும் சிவப்பு மூடி சிரிஞ்சும் இன்னும் வைத்திருக்கிறேன். பென்னுக்குள் போடும் மருந்துக் குழாயான கார்ட்ரிட்ஜில் இருப்பது மில்லிக்கு 100 யூனிட். அவசரத்தில் யாராவது அதைச் சிவப்பு மூடியில் இழுத்தால் இரண்டரை மடங்கு உடம்பில் ஏறிவிடும், உயிருக்கே ஆபத்து. அதனால் இரண்டையும் ஃபிரிட்ஜில் ஒரே தட்டில் வைப்பதில்லை. எது எதற்கு என்று மகளுக்கும் காட்டி வைத்திருக்கிறேன்.