மேல ஏறுறவன் கையில எந்த மெஷின்?

மரம் வெட்ற வேலைக்கு செயின் சா மெஷின் வாங்க வர்ற பசங்க எல்லாரும் முதல்ல கேக்கறது "எத்தனை சிசி வாங்கலாம்ணே"ன்னுதான். நான் திருப்பி ஒண்ணு கேப்பேன், மரத்து மேல உக்காந்து வெட்டப்போறியா, கீழ விழுந்து கெடக்கறத வெட்டப்போறியா?

2016 டிசம்பர் 12 சென்னையில வர்தா புயல் அடிச்சப்போ எல்லாமே கீழதான் கெடந்துச்சு, தூங்குமூஞ்சி, குல்மொஹர்னு வேரோட சாஞ்சு கெடந்ததுக்கு பெரிய மெஷின்தான் தேவைப்பட்டுச்சு. ஆனா வர்தா வருஷா வருஷம் வராதே. மத்த நாள்ல நமக்கு வர்ற வேலை, மொட்டைமாடி பக்கம் சாஞ்ச வேப்பங்கிளை, கரண்ட் கம்பிய உரசற புங்கை, கயித்துல தொங்கிட்டு வெட்டணும்.

அதுக்கு டாப் ஹேண்டில் மெஷின்தான், அதாவது பின்னாடி இல்லாம மேல பக்கம் பிடி இருக்கற சின்ன மெஷின். ஸ்டில் கம்பெனியோட எம்எஸ் 201 டி, ஹஸ்க்வர்னா கம்பெனியோட டி435, ரெண்டுமே 35.2 சிசி, ஆனா பவர் ஒண்ணில்ல, ஸ்டில் 1.8 கிலோவாட், ஹஸ்க்வர்னா 1.5. பேப்பர்ல சின்ன வித்தியாசம், காஞ்ச புளியங்கொம்புல பார், அதான் செயின் ஓடற அந்த நீளப் பட்டை, அத இறக்கினா நல்லாவே தெரியும். சும்மா கிளை கழிக்கறதுதான் வேலைன்னா டி435 போதும், வெயிட்டும் கம்மி. தினமும் ஏறுறவன்னா நான் 201 டிதான் சொல்லுவேன். ஒண்ணு, டாப் ஹேண்டில் எதையும் தரையில வச்சு வெட்டாதீங்க, ரெண்டு கைப்பிடியும் கிட்ட கிட்ட இருக்கறதால பார் நுனி கட்டைல பட்டு எகிறினா அடக்க முடியாது.

அப்புறம் சைனா 58 சிசி. சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் போனா விலை கம்மியப் பாத்தே மயங்கிடுவீங்க. கீழ கெடக்கற கட்டைக்கு ஓகே, மேல தூக்கிட்டு ஏறவே கூடாது. என்கிட்ட ஒண்ணு இருந்துச்சு, அதோட புக்ல பெட்ரோல் லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலக்கணும்னு போட்டிருந்தான், மத்த மெஷினுக்கெல்லாம் 20 மில்லி, பையன் அவசரத்துல 20 போட்ட கேன எடுத்து இதுல ஊத்திட்டான், மத்தியானம் ஸ்டார்ட் பண்ற கயிறு இழுத்தா வரவே இல்ல, கழட்டிப் பாத்தா பிஸ்டன் மேலருந்து கீழ வரைக்கும் நகத்தால கீறின மாதிரி கோடு கோடா இருக்கு. தப்பு எங்களுதுதான். இப்ப ரெண்டு கேனுக்கும் வேற வேற கலர் மூடி.

பெட்ரோலே இப்ப தலைவலி. பங்க்ல வர்றது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, ஆனா ஸ்டில், ஹஸ்க்வர்னா ரெண்டு பேருமே எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல வேணாங்கறான். எத்தனால் ஈரத்த இழுக்கும், நம்மூரு காத்துல சொல்லவே வேணாம். வேலை முடிஞ்சதும் டேங்க காலி பண்ணி, அதுவா நிக்கற வரைக்கும் ஓடவிட்டு வைங்க.

இதனாலயே 36 வோல்ட் பேட்டரி டாப் ஹேண்டில் மேல எனக்கு ஒரு கண்ணு. மரத்து மேல கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற தொல்லை இல்ல, அபார்ட்மெண்ட்ல காலைல சத்தம்னு செக்ரட்டரி சண்டைக்கு வரமாட்டாரு. நாள் முழுக்க ஓட்ட ரெண்டு மூணு பேட்டரி வேணும், அங்கதான் காசு. அடிமரம் அறுக்க இத நம்பாதீங்க, அதுக்கு 72.2 சிசி ஸ்டில் எம்எஸ் 382 மாதிரி ஒண்ண அன்னைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கங்க, நான் அப்படித்தான் ஓட்டிட்டிருக்கேன்.