‘முடிந்த பீஸ்’ எத்தனை? 14 மாதம் பயன்படுத்திய ஒரு தரவுச் சேவை பற்றி

திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனம் எங்களுடையது. நான் 1998-இல் கணக்கு எழுத வந்தவள். டேலி என்ற கணக்கு மென்பொருள், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களின் எக்செல் தாள்கள், எல்லாப் பிரிவு வேலையையும் ஒன்றாகப் பதியும் இஆர்பி மென்பொருள் என்று ஒவ்வொன்றும் வரிசையாக என் மேசையிலேயே வந்து விழுந்ததால், மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘தரவு மேலாண்மைத் தலைவர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார்கள். சம்பளம் கொஞ்சம் ஏறியது, அதிகாரம் ஏறவில்லை. அமெரிக்காவில் கேப்பிட்டல் ஒன் நிறுவனம் 2002-இலேயே இப்படி ஒரு பதவியை உண்டாக்கிவிட்டது. அங்கே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரிடம் கையெழுத்து வாங்கும் வேலை இருந்திருக்காது.

சேவையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறை நிறைய இருக்கிறது, ஆனாலும் இன்னும் அவர்களோடுதான் இருக்கிறேன். இஆர்பி, டேலி, வெளியே வேலைக்கு அனுப்பும் துணிக்கு எழுதும் ஜாப் ஒர்க் டெலிவரி சலான், ஆள் பதிவேடு எல்லாவற்றையும் இணைத்து, சப்ளையருக்கு ஒரே பட்டியல், துணிக்கு ஒரே பட்டியல், தொழிலாளிக்கு ஒரே பட்டியல் ஆக்கித் தருவதுதான் அவர்கள் வேலை. அதன் மேல் முதலாளியின் கைப்பேசியில் ஒரு வண்ணத் திரை.

இதை வாங்கியதற்குக் காரணம் ஒரு திங்கட்கிழமைக் கூட்டம். எங்களிடம் வாங்கும் ஜெர்மன் பையரின் ஆர்டர் ஒன்றில் எத்தனை பீஸ் முடிந்தது என்று முதலாளி கேட்டார். தையல் பிரிவு 41,300 என்றது. பேக்கிங் 38,750 என்றது. கணக்குப் பிரிவு 39,900 என்றது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. தையல்காரருக்கு மிஷினை விட்டு இறங்கினால் முடிந்தது, பேக்கிங்குக்கு அட்டைப் பெட்டிக்குள் போனால் முடிந்தது, கணக்குக்குக் கூலி பட்டுவாடா ஆனால் முடிந்தது. அன்று முதலாளி என்னைப் பார்த்து, “ஏனுங்க அம்மணி, இதையெல்லாம் எக்செல்லிலேயே சரி செய்ய முடியாதா?” என்றார். 2020-இல் இங்கிலாந்தில் நடந்ததைச் சொன்னேன். பழைய வகை எக்செல் கோப்பு ஒன்றில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. அதனால் கொரோனா தொற்று உறுதியான 15,841 பேரின் விவரம் அரசுக் கணக்கில் சில நாள் ஏறாமலே போயிற்று. அவர் சற்று நேரம் பேசவில்லை, பிறகு விலை கேட்டார்.

பங்குனியில் குண்டம் திருவிழா முடிந்த வாரம் கோவையிலிருந்து மூன்று இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். நல்ல பிள்ளைகள். எங்கள் கேன்டீன் அரிசியும் பருப்பும் சாதத்துக்கு இரண்டாவது முறை தட்டை நீட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நான்கு மாதம் பெயர்களைச் சேர்ப்பதிலேயே போயிற்று. ஒரே சாயப்பட்டறையை எங்கள் ஆட்கள் பதினொரு விதமாக எழுதியிருந்தார்கள். இனிஷியலோடு, இனிஷியல் இல்லாமல், ‘டையிங்’ என்று, ‘கலர்ஸ்’ என்று, ஓரிடத்தில் வெறுமனே ‘பெருந்துறைக்காரர்’ என்று. இவர்களின் மென்பொருள் பெயரை நம்பாமல் ஜிஎஸ்டி எண்ணைப் பிடித்துக்கொண்டு பொருத்தியது. 15 இலக்கத்தில் முதல் இரண்டு மாநிலம், அடுத்த பத்து பான் எண். எழுத்துப்பிழை எதுவும் அதனிடம் செல்லவில்லை. மூன்று நாளில் 1,900 சப்ளையர் பெயர் 640 ஆகச் சுருங்கியதைப் பார்த்துக் கைதட்டினேன்.

கைதட்டியது அவசரம். ஒரே மாநிலத்துக்குள் இரண்டு பட்டறை நடத்துபவர் இரண்டுக்கும் ஒரே ஜிஎஸ்டி எண் வைத்திருக்கலாம். எங்கள் சாயப்பட்டறைக்காரருக்குத் திருப்பூரில் ஒன்று, பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டையில் ஒன்று. மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. வரிக் கணக்குக்கு அது சரிதான். ஆனால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நொய்யல் ஆற்று மாசுக்காகச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை அனுபவித்த ஊர் இது. எந்தப் பட்டறையில் சாயம் ஏறியது, அதன் கழிவுநீர் எங்கே போயிற்று என்று பையரின் தணிக்கையாளர் பட்டறை பட்டறையாகக் கேட்பார். அவர் வர இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் பதிவில் பெருந்துறை என்ற ஊரே இல்லை. பழைய சலான்களைப் பார்த்துப் பிரித்தெடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க இந்தச் சேவையில் பொத்தான் கிடையாது. வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த சட்டப்படி துணிகளுக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட், அதாவது பொருளின் விவரம் தாங்கிய மின்பதிவு, வரப்போகிறது. அப்போது பட்டறை விவரம் இல்லாதவர் என்ன செய்வார்?

ஒன்றைப் பாராட்ட வேண்டும். சாயத்துக்குக் கிலோவில் அனுப்பும் துணி திரும்பி வரும்போது எடை குறைந்திருக்கும், தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மென்பொருளுக்குத் தெரியாததால் முதல் வாரம் ஒவ்வொரு லாட்டுக்கும் ‘துணி காணவில்லை’ என்று சிவப்பு விளக்கு எரிந்தது. சொன்ன மறுநாளே துணி வகைக்கு ஒரு கழிவு விகிதம் வைத்துச் சரி செய்தார்கள்.

என் உண்மையான சிக்கலை இந்தச் சேவை தொடவே இல்லை. பட்டியல் ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘தரவு உரிமையாளர்’ கையெழுத்திட வேண்டும் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடு. அதை எடுத்துக்கொண்டு எங்கள் கட்டிங் மாஸ்டரிடம் போனேன். முப்பது வருடமாக நோட்டில் எழுதுபவர், அவர் நோட்டு தப்பியதே இல்லை. “அம்மணி, துணிக்கு நான் பொறுப்பு. உங்கள் கம்ப்யூட்டருக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?” என்றார். தையல் சூப்பர்வைசர், பேக்கிங்கில் கேளுங்கள் என்றார். பேக்கிங்கில் மெர்ச்சண்டைசரைக் காட்டினார்கள். மூன்று மாதம் அந்தப் படிவம் என் கைப்பையில் ஊர் சுற்றியது. எண் தப்பினால் என்னைக் கேட்பார்கள், எண்ணை எழுதுபவர் யாரும் என் கீழ் வேலை செய்யவில்லை. இதைச் சேவை நிறுவனத்திடம் சொன்னபோது ‘மாற்ற மேலாண்மைப் பயிற்சி’ என்று தனியாக ஒரு விலைப்பட்டியல் வந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். முதலாளி ஒரே ஒரு முறை கட்டிங் ஹாலுக்குள் வந்து, இந்த நோட்டும் அந்தத் திரையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொன்னால் போதும். அவர் வரவில்லை, அவருக்கு வண்ணத் திரை பிடித்திருந்தது.

ஆள் பதிவேட்டில் நடந்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஒடிசா, பீகார் தொழிலாளர்களின் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் ஷிப்ட் சூப்பர்வைசர் வரை எல்லார் திரையிலும் திறந்து கிடந்தன. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். வேலையை வெளியில் கொடுத்தாலும் சட்டத்தின் முன் பொறுப்பு எங்களுடையதுதான். இதைச் சொன்னதற்கு, ‘அடுத்த பதிப்பில் வரும்’ என்று பதில் வந்தது. அன்றே ஆதார் நகல்களை அதிலிருந்து எடுத்துவிட்டேன். ஆறு வாரம் கழித்துத்தான் பூட்டுப் போட்டார்கள்.

சாட் வசதி பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்கிறது. ‘எத்தனை பீஸ் முடிந்தது?’ என்றால் தயங்காமல் ஒரு எண் சொல்கிறது. எந்த ‘முடிந்தது’ என்று மட்டும் சொல்வதில்லை.

விட்டுப் போவது எளிதா என்று மூன்றாம் மாதமே சோதித்துப் பார்த்தேன். எங்கள் தரவு முழுவதையும் திருப்பிக் கேட்டேன். இரண்டு நாளில் கொடுத்தார்கள், ஆனால் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாறு அதில் இல்லை. அந்த வரலாறு இல்லாமல் தணிக்கையாளர் முன் என்னால் உட்கார முடியாது.

சப்ளையர் பட்டியல் குழம்பிக் கிடக்கும் எவருக்கும் இதைச் சொல்வேன், கொடுக்கும் காசுக்குத் தகும். மேலிடத்துச் சண்டையை மென்பொருள் தீர்க்கும் என்று நினைப்பவர் வாங்க வேண்டாம். இந்த மாதம் ஓர் ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறோம், ஒட்டியதைப் பிரிக்கும் வசதி, மாற்ற வரலாற்றோடு தரவைத் திருப்பித் தருவது என்று இரண்டு நிபந்தனைகளோடு. ‘முடிந்த பீஸ்’ என்பது இனிமேல் பெட்டிக்குள் போனது மட்டும்தான் என்று நானே ஒரு சுற்றறிக்கை ஒட்டினேன். தையல் பிரிவில் அதை மறுநாளே கிழித்துவிட்டார்கள். கட்டிங் மாஸ்டர் மட்டும் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார். படிவத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.