அப்பாவின் பதக்கங்களும் தஞ்சாவூர்ச் சட்டக்கடையும்

தஞ்சாவூரில் ஓவியங்களுக்குச் சட்டம் போட்டுத் தரும் சிறு கடை ஒன்றில், ராணுவத்தில் பணியாற்றி மறைந்த என் அப்பாவின் ஐந்து பதக்கங்களைத் தேக்குச் சட்டத்தில் பதித்து வாங்கினேன். நாடா சுருங்காமல் பின்புறம் நூலால் தைத்திருந்த நேர்த்தி, கொடுத்த கூலிக்குத் தகும். ஆனால் 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியிலிருந்த அனைவருக்கும் தரப்பட்ட சுதந்திரப் பொன்விழாப் பதக்கத்தை, பளபளப்பு கருதி முதலில் வைத்துவிட்டார்கள். வீரத்துக்காகக் கிடைத்த சேனா பதக்கம் கடைசியில் இருந்தது.

“இப்போதெல்லாம் பதக்கங்களை அள்ளிக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறதே” என்று கடைக்காரர் கேட்டதும் இந்தக் குழப்பத்தால்தான். பணிக்காலத்துக்குத் தரப்படுவது வேறு. 1950இல் நிறுவப்பட்டு இதுவரை 21 பேருக்கே கிடைத்துள்ள, போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயரிய விருதான பரம்வீர் சக்கரம் வேறு. எனினும், சேனா பதக்கம் சிறப்பான பணிக்கும் வழங்கப்படுவதால், அவருடைய ஐயத்தை முற்றிலும் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. மறுநாளே பிரித்து, கூடுதல் கூலி கேட்காமல் வரிசையை மாற்றித் தந்தார்.