கம்மனஹள்ளி ஜெர்மன் வகுப்பு: ஏ2 முடித்த ஒரு நர்ஸ் எழுதுவது

பெங்களூர் கம்மனஹள்ளியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், ஜெர்மனிக்கு வேலைக்குப் போக நினைக்கும் நர்ஸ்களுக்கென்றே நடக்கும் ஜெர்மன் வகுப்பு இது. ஜெர்மன் மொழிப் படிகள் ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும். முதல் இரண்டும் முடித்துவிட்டேன். எனக்கு வயது 47. தர்மபுரிப் பக்கம் சொந்த ஊர். ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ படித்துவிட்டு இங்கே வந்து 24 வருடம் ஆகிறது. பாடத்துக்கு முழு மார்க் கொடுப்பேன். வகுப்பு நடத்தும் ஆபீஸுக்குப் பாதிதான்.

மிஸ் தமிழ்க்காரர். 'வைல்' என்றால் 'ஏனென்றால்'. அது வந்தால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். இரண்டு வாரமாக எனக்கு மண்டையில் ஏறவில்லை. "நம்ம தமிழ் மாதிரிதான் சிஸ்டர், 'கால் வலிக்கிறதால'ன்னு கடைசியிலதானே வலியைச் சொல்றோம்" என்றார். பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் ஆளுக்கு ஒரு வாக்கியம் கேட்டார். இப்போதைய வேலையை ஏன் விட நினைக்கிறீர்கள்? 'வைல்' போட்டுச் சொல்ல வேண்டும்.

பி.எஸ்சி முடித்து ஒன்றரை வருடமான சேலத்துப் பெண் முதலில் எழுந்தாள். சம்பளம் 19,000. இரண்டு வருடம் வேலையை விட முடியாது என்று பாண்ட். ஒரிஜினல் சர்டிபிகேட் ஆஸ்பத்திரி பீரோவில். அப்படிப் பிடித்து வைக்கக் கூடாது என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லி எத்தனையோ வருடம் ஆயிற்று. அடுத்தவள் ஐசியூ ஸ்டாஃப், 35 வயது. வரிசையாக ஆறு நைட் டியூட்டி, பையன் பக்கத்து வீட்டில் தூங்குகிறான் என்றாள். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது' என்று அடுத்த ஷிப்ட்டுக்கு ஓவர் கொடுக்கும்போது நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்ல மாட்டேன்.

என் முறை வந்தது. முழங்கால் வலி என்று ஜெர்மனில் சொன்னேன். மீதியைத் தமிழில்தான் சொல்ல முடிந்தது. பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது கவுன்சில் கணக்கு. ஒரு நாள் ராத்திரி 38 பேருக்கு நாங்கள் இரண்டு பேர். ஒரு பெரியவர் சுடுதண்ணீர் கேட்டார். "இதோ வர்றேன்ப்பா" என்றேன். அவரிடம் போகும்போது மணி மூன்று ஆகிவிட்டது. காலி டம்ளரை நெஞ்சோடு பிடித்தபடி தூங்கியிருந்தார். அதை அவர் கையிலிருந்து மெதுவாக எடுத்துக் கீழே வைத்தேன். இப்படி இன்னும் பத்து வருடம் என்னால் முடியாது.

வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சேலத்துப் பெண் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி, "குடிங்கக்கா" என்றாள்.

இனி ஆபீஸ். 45 வயதைத் தாண்டி முதல் முறையாக ஜெர்மனியில் வேலை அனுமதி கேட்டால், குறிப்பிட்ட அளவு சம்பளம் அல்லது ஓய்வுக்கால வருமானத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும். அட்மிஷன் ஃபார்மில் என் பிறந்த தேதியைப் பார்த்தே பணம் வாங்கினார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏ2 பாதியில் நானாகத்தான் தெரிந்துகொண்டேன். இது பெரிய தப்பு. பேட்ச் நேரத்தையும் இரண்டு தடவை மாற்றினார்கள். டியூட்டி லிஸ்ட் போட்டு வாழ்கிறவர்களிடம் அப்படிச் செய்யலாமா?

சேர்கிறவர்கள் ஏ1 கட்டணம் மட்டும் முதலில் கட்டுங்கள். ஜெர்மனியில் நர்ஸாகப் பதிவு செய்யப் பொதுவாக பி2 வரை கேட்கிறார்கள், அதனால் மொத்தச் செலவையும் எழுதி வாங்குங்கள். நைட் முடித்து வருகிறவர்களுக்குக் காலை ஒன்பதரை பேட்ச் சரியாக இருக்கும். நான் பி1-க்கும் அதே பேட்சில் பெயர் கொடுத்திருக்கிறேன்.